மாறுவேகக் குளிர்பதன அமுக்கி
மாறுவேகக் குளிர்பதன அமுக்கி என்பது இன்வெர்ட்டர் எனப்படும் அலைவெண் மாற்றியால் வேகம் கட்டுப்படுத்தப்படும் கம்ப்ரசர் ஆகும். இந்தியாவில் இன்வெர்ட்டர் வகை அறைக் குளிரூட்டிகளுக்கு நட்சத்திரக் குறியீடு 2015இல் விருப்பத்தின் பேரிலும், 2018 முதல் கட்டாயமாகவும் நடைமுறைக்கு வந்தது. அவற்றின் கம்ப்ரசர்கள் இதற்கென்றே வடிவமைக்கப்பட்டவை.

குளிர்பதனக் கிடங்குகளிலுள்ள பழைய நிலைவேகக் கம்ப்ரசருடன் இன்வெர்ட்டரை இணைக்கும்போது, அதிவேகத்தைவிடக் குறைவேகமே கவனிக்கப்படாத இடராகும். சுழல்தண்டால் இயங்கும் எண்ணெய்ப் பம்பின் அழுத்தம் வேகத்துடன் குறைவதால் தாங்கிகள் தேயும். குழாயில் வளிம ஓட்டம் மெலிவதால் எண்ணெய் திரும்பாமல் ஆவியாக்கியிலேயே தங்கிவிடும். எனவே உற்பத்தியாளர் குறிப்பிடும் சிறும வேகத்துக்குக் கீழே இயக்கலாகாது. அவ்வப்போது சிறிது நேரம் வேகத்தைக் கூட்டி எண்ணெயை மீட்பதும் வழக்கம்.

415 வோல்ட் மும்முனை இணைப்பில் இன்வெர்ட்டரின் மின்தேக்கிகளில் ஏறத்தாழ 587 வோல்ட் நேர்திசை மின்னழுத்தம் இருக்கும். மின்சாரத்தைத் துண்டித்த பின்னரும் இது சில நிமிடங்கள் நீடிப்பதால், காத்திருந்து, அளந்து பார்த்த பின்னரே உட்பகுதியைத் தொடவேண்டும்.