புற்றுநோயைக் காட்டிக் கொடுக்கும் பழுப்பு நிறம்

அன்னவாசல் இருக்கும் புதுக்கோட்டைச் சீமைக்கும் புற்றுநோய் மருத்துவத்துக்கும் பழைய தொடர்பு உண்டு. 1886-ல் புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அவர் முயற்சியால்தான் 1954-ல் சென்னை அடையாறில் கேன்சர் இன்ஸ்டிட்யூட் தொடங்கியது.

அந்தக் காலத்தில் கட்டியை மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் செல்களின் உருவத்தைப் பார்ப்பார்கள். ஆனால் உருவம் ஒன்றாக இருந்தாலும் உள்ளே இருக்கும் புரதம் வேறாக இருக்கலாமே?

இதற்கு வழி திறந்தவர் அமெரிக்காவின் ஆல்பர்ட் கூன்ஸ். குறிப்பிட்ட பொருளில் மட்டும் போய் ஒட்டும் ஆன்டிபாடியோடு, 1941-ல் ஒளிரும் சாயத்தை இணைத்தார். 1966-ல் நகானேயும் பியர்ஸும் அந்தச் சாயத்துக்குப் பதில் என்சைமை இணைத்தார்கள். சாதாரண மைக்ராஸ்கோப்பே போதும் என்றானது! 1975-ல் கோலரும் மில்ஸ்டைனும் ஒரே வகை ஆன்டிபாடியை வேண்டிய அளவு தயாரிக்க வழி கண்டார்கள். 1984-ல் நோபல் பரிசு கிடைத்தது. ஃபார்மலினில் கிடந்த திசுவைச் சூடாக்கினால் மறைந்திருக்கும் புரதமும் அகப்படும் என்று 1991-ல் ஷி குழுவினர் காட்டினார்கள்.

மார்பகப் புற்றுநோயில் ஹெர்-2 என்ற புரதம் மிகுந்திருந்தால், செல்லின் ஓரம் முழுக்கப் பழுப்பு நிறம் ஏறும். அத்தகைய நோயாளிகளுக்கான டிராஸ்டுசுமாப் மருந்துக்கு 1998-ல் அமெரிக்கா அனுமதி தந்தது. ஒரு பெண்ணுக்கு எந்த மருந்து பலிக்கும் என்பதற்கு அந்தப் பழுப்பு நிறமே முதல் சாட்சி.