வழியில் வீழ்ந்த விலங்கும் அரசின் விதியும்

காலொடிந்து நடுவழியில் வீழ்ந்து, எழவும் மாட்டாது உயிர்விடவும் மாட்டாது துடிக்கும் விலங்கைக் கொன்று துயர்தீர்த்தல் தகுமோ என்பது, கொல்லாமையைத் தலைக்கொண்ட நம்மனோர்க்கு இடர்ப்பாடுடைய வினாவேயாம். அரசுகள் இதற்கு விடைகண்ட வரலாற்றை ஈண்டு ஆராய்வாம்.

ஆங்கில நாட்டில் 1822-ஆம் ஆண்டுச் சட்டம் கால்நடைகளை வதைத்தவனை ஒறுத்ததேயன்றி, வதையுண்டு கிடப்பதனைக் கருதிற்றிலது. அதனை நோக்கியது 1894-ஆம் ஆண்டுச் சட்டமாகும். குதிரை முதலியன நடத்திச் செல்லலாகாதவாறு ஊறுபட்டுக் கிடப்பின், உடையவன் அண்மையில் இல்லாவிடினும், கொல்ல இசையாவிடினும், காவலர் கால்நடை மருத்துவரை வருவித்தல் வேண்டும்; உயிருடன் வைத்தல் கொடுமையென அவர் சான்றளிப்பின் கொல்விக்கலாம். உடையவனது உரிமையினும் விலங்கின் வேதனை பெரிதென ஒரு சட்டம் கொண்டமை சிறிய செய்தியன்று.

இந்நாட்டில் இவ்வினா சட்டநூலளவில் நில்லாது மக்கள் நெஞ்சைக் கலக்கியது 1928-ஆம் ஆண்டிலாம். சபர்மதி ஆசிரமத்தில் பிழைக்கும் வழியின்றி வருந்திய கன்றொன்றை, காந்தியடிகள் மருத்துவரைக் கொண்டு ஊசிமருந்தால் இறக்கச் செய்தார். அதுவும் அகிம்சையே என அவர் எழுத, நாடெங்கும் கண்டனம் எழுந்தது.

பின்னர் ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் கொணர்ந்த மசோதாவின் வழியே, மிருகவதைத் தடுப்புச் சட்டம் 1960-இல் நிறைவேறிற்று. அதன் 13-ஆம் பிரிவு ஆங்கில முறையைத் தழுவியதேனும், ஒரு தடையை மிகுத்தது. காவல் அதிகாரி கண்டு, மருத்துவர் சான்றளித்த பின்னரும், மாஜிஸ்திரேட்டின் ஆணை பெற்றே கொல்லலாம். ஆங்கிலேயரோ எதிர்வழிச் சென்றனர். 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வேறு வழியின்றி, மருத்துவர் வருமளவும் தாழ்த்தலும் இயலாதாயின், காவலர் சான்றின்றியே துயர்தீர்க்கலாம்.

உயிரைப் போக்குதற்கு முன் மூவர் எண்ணுக என்ற நம் சட்டத்தின் அச்சம் போற்றத்தக்கதே. ஆயினும், மருத்துவர் கண்டதற்குமேல் மாஜிஸ்திரேட் காண்பது யாது? நள்ளிரவில் நெடுஞ்சாலையில் ஒரு மாடு அடிபட்டுக் கிடப்பின், ஆணை வருங்காறும் உள்ள நாழிகைகளை அம்மாடன்றோ சுமக்கின்றது! மருத்துவர் சான்றளவில் நிறுத்தியிருத்தலே அமைவுடைத்தென்பது எம் கருத்து.

இச்சட்டத்தின்கீழ்த் தெருநாய்கள் பற்றி 2001-இல் வகுக்கப்பெற்று 2023-இல் புதுக்கப்பெற்ற விதிகளில் ஒன்று எம் மனத்தை விட்டு அகலவில்லை. தீராநோயுற்ற நாயைத் தகுதிபெற்ற மருத்துவரே இறக்கச் செய்தல் வேண்டும். அதனைப் பிறிதொரு நாயின் கண்முன் செய்தலாகாது என்பதே அது.