காசநோய்ப் பரவல்: கணக்கு சொல்லும் உண்மை

காசநோய் காற்றின் வழியாகப் பரவுகிறது. ஆனால் கிருமி தொற்றிய எல்லோரும் நோயாளியாவதில்லை. உலக மக்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு இக்கிருமி தொற்றியுள்ளதாக மதிப்பிடப்படுகிறது. அவர்களில் 5 முதல் 10 சதவீதத்தினரே வாழ்நாளில் எப்போதாவது நோய்வாய்ப்படுகின்றனர். சிலருக்கு இரண்டே ஆண்டுகளில் நோய் வரும். சிலருக்குப் பல ஆண்டுகள் கழித்து வரும். இதன் போக்கைக் கண்ணால் பார்த்து அறிய முடியாததால்தான் கணிதத்தின் உதவி தேவைப்படுகிறது.

தொற்று இல்லாதவர்கள், கிருமி உறங்கும் நிலையில் உள்ளவர்கள், நோயாளிகள், குணமடைந்தவர்கள் என மக்களைப் பிரித்து, ஒரு பிரிவிலிருந்து மற்றொன்றுக்கு ஆண்டுக்கு எத்தனை பேர் செல்கிறார்கள் எனக் கணக்கிடுவதே கணித மாதிரி. ஹான்ஸ் வாலர், அன்டன் கெசர், ஸ்டிக் ஆண்டர்சன் ஆகியோர் 1962-ல் இத்தகைய மாதிரி ஒன்றை வெளியிட்டனர்.

ஓர் எளிய கணக்கைப் பார்ப்போம். சளியில் கிருமி உள்ள ஒருவர் சிகிச்சையின்றி இருந்தால் ஆண்டுக்குச் சுமார் 10 பேருக்குத் தொற்றைத் தருவார் என்பது பழைய மதிப்பீடு. இப்படியே 2 ஆண்டுகள் கழிந்தால் 20 பேர். அவர்களில் பத்தில் ஒருவர் வீதம் 2 பேர் நோயாளியாவர். அதில் ஒருவர் மற்றவர்களுக்குப் பரப்பும் நிலையை அடைவார். ஒருவர் போய் ஒருவர் வர, நோய் குறையாமல் நிலைத்திருக்கும். சிகிச்சை ஓராண்டு முன்னதாகத் தொடங்கினால் இந்தச் சங்கிலி பாதியாகக் குறையும்.

இந்த எண்கள் எல்லாச் சமூகங்களுக்கும் ஒன்றல்ல. தென்னாப்பிரிக்காவில் எச்.ஐ.வி. பரவலும், தங்கச் சுரங்கத் தொழிலாளர்களின் நுரையீரலில் படியும் சிலிக்கா தூசியும் நோயைப் பெருக்கின. இந்தியாவில் ஊட்டச்சத்துக் குறைபாடு முக்கியக் காரணம். ஜார்க்கண்டில் நடந்த ஆய்வொன்றில் நோயாளிகளின் குடும்பத்தாருக்குக் கூடுதல் உணவு வழங்கியபோது, அவர்களிடையே புதிதாக நோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. 2023-ல் இந்த முடிவு வெளியானது.

கிருமி ஒன்றுதான், வறுமை, நெரிசல், தாமதம் ஆகியவையே வேறுபாட்டை உண்டாக்குகின்றன. வறுமையை ஒரே நாளில் நம்மால் ஒழித்துவிட முடியாது. தாமதத்தைக் குறைக்க முடியும். இரண்டு வாரங்களுக்கு மேல் இருமல் நீடித்தால் வெட்கப்பட்டு மறைக்காமல் சளிப் பரிசோதனை செய்துகொள்வோம். அரசு மருத்துவமனைகளில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். நாம் தாமதிக்கும் ஒவ்வொரு மாதமும் அந்தக் கணக்கில் நம் வீட்டாரையே சேர்க்கிறது.