புதுவைத் தமிழ்மனைகளின் முன்றிலும் அதன் புதுக்கமும்

'இல்முன்' என நிற்க வேண்டிய தொடர் முன்பின்னாக மாறி 'முன்றில்' என வழங்குதலை இலக்கணப்போலிக்கு எடுத்துக்காட்டாக நாம் மாணவர்க்குக் கூறி வருகின்றோம். சொல்லைக் காத்த அளவிற்குப் பொருளைக் காத்தோமா என்பது வேறு வினா. புதுச்சேரி நகரில் பழைய மனைகளின் புறத்தோற்றத்தைப் புதுக்கும் பணி சில பத்தாண்டுகளாக நடந்து வருகின்றது. அப்பணியில் காக்கப்படுவது யாது, கைவிடப்படுவது யாது என ஆராயப் புகுவார்க்கு முன்றில் என்னும் இச்சொல்லே கைவிளக்காதல் கூடும்.

அந்நகரின் தமிழர் பகுதியில் உள்ள பழைய மனையொன்றைத் தெருவில் நின்று நோக்குவோம். முதற்கண், மரத்தூண்களின்மேற் சாய்வாக இறக்கிய ஓட்டுக்கூரையோடு தாழ்வாரம் தோன்றும். அதனையடுத்துத் திண்ணை, பின்னர்ச் செதுக்கு வேலை அமைந்த நிலைக்கதவு, அதனுள் இன்று ரேழி என வழங்கும் இடைகழி, அதற்கும் அப்பால் வானம் நோக்கிய முற்றம். இவற்றுள் தாழ்வாரம் தெருவில் நடப்பார்க்கு நிழலாயிற்று. திண்ணை வழிப்போக்கர்க்கு இருக்கையாயிற்று. இரண்டும் வீட்டுக்குரியார் பொருளாற் கட்டப்பெற்று ஊரார்க்குப் பயன்பட்டவை. புகார் நகரத்து மாடங்களைப் புனையுமிடத்துப் பட்டினப்பாலை திண்ணையையும் இடைகழியையும் அடுத்தடுத்துக் கூறுகின்றது. பெயர் ஒற்றுமை ஒன்றே கொண்டு அம்மனையமைதி இடையறாது புதுவைவரை வந்ததெனத் துணிதல் பொருந்தாது. ஆயினும் கடற்கரை வணிகநகர் இரண்டின் மனைகள் தெருவை எதிர்கொண்ட முறை ஒன்றனோடொன்று ஒத்திருத்தல் கருதற்பாலது.

கால்வாய்க்குக் கிழக்கே பிரெஞ்சுக்காரர் வாழ்ந்த பகுதியின் இயல்பு வேறு. அங்கே தெருவை நோக்கி நிற்பன உயர்ந்த மதிலும் வாயிலுமே. மரமும் கொடியும் மதிலுக்குள் அடங்கியிருக்கும். தூண்வரிசையுடைய முகப்பு மண்டபம் அத்தோட்டத்தையே நோக்கும். தமிழ்மனைக்கு முன்புறத் தோட்டம் என ஒன்று இல்லை. அதன் பசுமையெல்லாம் கொல்லையில், கிணற்றடி முருங்கையிலும் குளித்த நீர் பாயும் வாழையிலுமே காணப்படும். ஆதலின் 'முகப்பை அழகுபடுத்தல்' என்னும் பெயரால் தமிழ்மனையின் வாயிலிற் புல்தரையும் பூந்தொட்டி வரிசையும் அமைப்பது, பிரெஞ்சு மனையின் அகத்தைத் தமிழ்மனையின் புறத்திற் கொண்டுவந்து வைப்பதாக முடியும். கண்ணுக்கு அது இனிதாகவே இருக்கலாம். வந்தவர் உட்கார இடமிராது.

இவ்விரு மரபும் கலந்த மனைகளும் புதுவையிற் பல உள. கீழ்த்தளம் திண்ணையும் மரத்தூணுமாகத் தமிழ்முறையிலும், மேல்தளம் வளைவுச் சாளரமும் சுதைத்தூணுமாகப் பிரெஞ்சு முறையிலும் அமையும். 1736 முதல் நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளையின் (1709–1761) மனை இவ்வகைக்குப் பழைய சான்று. 1761 சனவரியில் ஆங்கிலேயர் நகரைக் கைப்பற்றிப் பின்னர் இடித்துத் தள்ளியபோதும் அஃது எஞ்சிற்று. நாட்குறிப்பின் புகழால் அம்மனையும் புகழ்பெற்றது. எனினும் அங்காடியை ஒட்டிய அவ்வீதியின் நெருக்கத்தில் அதன் முகப்பை நின்று காண்பதே எளிதன்று. தனி மனையொன்றைக் காப்பதனால் அதன் முன்றிலும் காக்கப்பட்டதாகாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இக்குறையை உணர்ந்து செய்த முயற்சியாக வைசியாள் வீதிப் பணியைக் கொள்ளலாம். கலவை சுப்பராயச் செட்டியார் வீதி எனவும் பெயர்பெற்ற இத்தெருவில், மகாத்மா காந்தி சாலைக்கும் மிஷன் வீதிக்கும் இடைப்பட்ட பகுதி எடுத்துக்கொள்ளப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா-அர்ப்ஸ் திட்டத்தின்கீழ், பிரான்சு நாட்டு வில்நெவ்-சுர்-லோ, இத்தாலி நாட்டு உர்பினோ ஆகிய நகரங்களின் துணையோடு புதுச்சேரி நகராட்சியும் இன்டாக் அமைப்பும் இதனை மேற்கொண்டன. மனைக்குரியார் ஒரு பகுதிச் செலவை ஏற்க, எஞ்சியதைத் திட்டம் ஏற்றது. 2008-ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுரிமை விருது இப்பணிக்குக் கிடைத்தது. விருதினும் பெரிது, தெருவையே ஓர் அலகாகக் கொண்ட அதன் நோக்கு என்பது என் கருத்து. ஒரு வீட்டார் தாழ்வாரம் அமைத்து அடுத்த வீட்டார் அமையாது விடின் நிழல் அறுபடும். அறுபட்ட நிழலால் நடப்பார்க்குப் பயன் என்ன?

புதுக்குதற்குரிய பொருளும் ஈண்டு எண்ணத்தக்கது. பழஞ்சுவர்கள் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டவை; கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைச் சுண்ணாம்பில் சேர்த்து அரைத்தல் தமிழ்நாட்டுக் கொத்தர் அறிந்த முறை. சுண்ணாம்புப் பூச்சு சுவரின் ஈரத்தை வெளியே விடும். சிமெண்டுப் பூச்சோ அதனை உள்ளே அடைத்துவிடும். உப்பு கலந்த கடற்காற்று வீசும் ஊரில் அவ்வீரம் உப்பொடு செங்கல்லைப் பொரித்து உதிர்த்துவிடும். புதுப்பித்த சில ஆண்டுகளிலேயே பூச்சு பெயர்ந்து வீழும் முகப்புகளைக் கண்டு சுண்ணாம்பைப் பழித்தல் முறையன்று.

இனி, தீர்க்கப்படாத சிக்கல் ஒன்று உளது. தாழ்வாரத்தின் தூண் ஊன்றியிருப்பது தெருநிலத்தில். வழக்கு நோக்கின் அது மனையின் உறுப்பு. அளவை நோக்கின் தெருவின் இடம். வண்டிப் போக்குவரத்தும் வடிகாலும் பெருகுங்கால் முதலில் நீக்கப்படுவது இவ்வுறுப்பே. தூண் நீங்கினால் ஓடு நீங்கும்; வெயிலும் சாரலும் நேரே தாக்கத் திண்ணையில் எவரும் அமரார்; எவரும் அமராத திண்ணையை வீட்டார் கம்பியிட்டு அடைத்து இருசக்கர வண்டி நிறுத்துவர். அவரைக் குறைகூறிப் பயனில்லை. இம்மாற்றம் எத்தெருவில் எப்போது நிகழ்ந்தது என்பதைப் பழைய நகரப்படங்களோடு இன்றைய முகப்புகளை ஒப்பிட்டு வீதிதோறும் ஆராய்தல் வேண்டும். மனையுறுப்புகளின் பெயர்களைத் தொகுக்கும் முதுகலை மாணவர், பெயரோடு தூணின் இடத்தையும் அளந்து குறிப்பாராயின், அடுத்துப் புதுக்குவார் தூணை எங்கே நடுவதென்று அறிவர்.