வெப்ப அளவியல்: கிள்ளான் பள்ளத்தாக்கில்

ஒரு பொருள் ஏற்ற அல்லது இழந்த வெப்பத்தை அளந்தறியும் துறை வெப்ப அளவியல். நிறை, தன்வெப்ப ஏற்புத்திறன், வெப்பநிலை மாற்றம் மூன்றையும் பெருக்கினால் விடை கிடைக்கும். 1 கிலோகிராம் நீரை 1 டிகிரி செல்சியஸ் சூடாக்க ஏறத்தாழ 4,200 ஜூல் வேண்டும். செம்புக்கு 390 போதும். மலேசியாவில் தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டோடு முடிந்துவிடுவதால், தமிழ்ப் பிள்ளைகள் இக்கணக்கைப் படிவம் 4 இயற்பியலில் பெரும்பாலும் மலாயில்தான் போடுகிறார்கள்.

வெப்பமும் வெப்பநிலையும் வேறு என்பதை 1760-களில் கிளாஸ்கோவில் ஜோசப் பிளாக் தெளிவாக்கினார். பனிக்கட்டி உருகி முடியும்வரை வெப்பத்தை விழுங்கிக்கொண்டே இருக்கும், வெப்பமானி அசையாது. பிரிக்பீல்ட்ஸ் ஒட்டுக்கடையில் தே ஐஸ் கலக்கும்போது நடப்பதும் இதுதான். 70 டிகிரியில் உள்ள 250 கிராம் தேநீரில் 0 டிகிரி நீர் 100 கிராம் ஊற்றினால் கலவை 50 டிகிரியில் நிற்கும். அதே 100 கிராம் ஐஸ் கட்டியாக இருந்தால் 27 டிகிரிக்கு இறங்கிவிடும். உருகுவதற்கே கிராமுக்கு 334 ஜூல் போய்விடுகிறது.

1782-83 குளிர்காலத்தில் லாவோசியேயும் லாப்லாசும் பாரிசில் உருகிய பனி நீரை எடைபோட்டு வெப்பம் அளந்தனர். வெப்பத்தை ஒரு பாய்மமாகக் கருதும் போக்கு அப்போது வலுவாக இருந்தது. அது தவறு, ஆனாலும் அளவுகள் பயன்பட்டன! ஜூலின் 1840-களின் சோதனைகள் அந்தக் கொள்கையை ஆட்டங்காணச் செய்தன. அந்நூற்றாண்டின் இறுதிக்குள் பெர்த்தலோவின் பாம் கலோரிமீட்டர் வந்தது. அழுத்தம் மிகுந்த ஆக்சிஜனில் ஏறத்தாழ 1 கிராம் எரிபொருளை எரித்து, சுற்றியுள்ள நீர் எவ்வளவு சூடேறியது என்று பார்ப்பது இதன் வழி. கருவியை 1 டிகிரி சூடேற்ற 10 கிலோஜூல் தேவை, நீர் 2.2 டிகிரி ஏறியது என்றால், அந்தக் கிராம் தந்தது 22 கிலோஜூல்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் இந்தக் கணக்குக்குப் பொருள் தந்தது நிலக்கரி. கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் பக்கம் 1886-இல் ரயில் ஓடத் தொடங்கியது. சிலாங்கூரின் பத்து ஆராங்கில் 1915 முதல் மலாயன் கோலியரீஸ் நிறுவனம் தோண்டிய கரிக்கு ரயில்வேதான் பெரிய வாடிக்கையாளர். தமிழரும் சீனரும் அங்கே உழைத்தனர். கரியின் மதிப்பு டன் கணக்கில் மட்டும் அடங்காது. ஒரு பவுண்டு கரி எத்தனை பிரிட்டிஷ் வெப்ப அலகு தரும் என்பதே பொறியாளரின் கேள்வி. பத்து ஆராங் கரி ஈரம் மிகுந்தது. ஈரம் எடையைக் கூட்டும், வெப்பம் தராது. அது மட்டுமல்ல, கிலோவுக்கு 2,260 கிலோஜூல் வாங்கி ஆவியாகிப் புகைபோக்கி வழியே வெளியேறும். பிளாக் கண்ட உள்ளுறை வெப்பம் இங்கே கொதிகலனில் நேரடி இழப்பு. மூடிய கலோரிமீட்டருக்குள் ஆவி மீண்டும் நீராகி அந்த வெப்பத்தைத் திருப்பித் தந்துவிடுவதால், அங்கே கிடைப்பது மொத்த வெப்ப மதிப்பு. கொதிகலனுக்கு வாய்ப்பது அதைவிடக் குறைந்த நிகர மதிப்பு.

சுரங்கம் 1960-இல் மூடப்பட்டது. இன்று கிள்ளானை அடுத்த காப்பார் மின் நிலையம் இறக்குமதிக் கரியை எரிக்கிறது. உலகச் சந்தையில் அந்தக் கரிக்கு விலை பேசும்போதும் கிலோவுக்கு எத்தனை கிலோகலோரி, அது மொத்தமா நிகரமா என்ற இரு கேள்விகளும் கூடவே எழுகின்றன.