வீட்டுக் கடன் தவணை செலுத்த இயலவில்லையா? சலுகை கோரும் முன் தயார் செய்ய வேண்டிய ஆவணங்கள்

வேலையிழப்பு, நோய், தொழில் நலிவு, குடும்பத்தில் வருவாய் ஈட்டுபவரின் மறைவு போன்ற காரணங்களால் வீட்டுக் கடன் தவணையைச் செலுத்த இயலாத நிலை எவருக்கும் ஏற்படலாம். அந்நிலையில் வங்கியின் அழைப்புகளைத் தவிர்ப்பதைவிட, உரிய ஆவணங்களுடன் முன்கூட்டியே எழுத்துபூர்வமாக விண்ணப்பிப்பதே பயன் தரும்.

90 நாள் கெடு

தவணை 90 நாள்களுக்கு மேல் நிலுவையில் இருந்தால், ரிசர்வ் வங்கி விதிகளின்படி அக்கடன் வாராக்கடனாக வகைப்படுத்தப்படும். அதன் பிறகு, 2002-ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டத்தின் கீழ் 60 நாள் அவகாசத்துடன் கடன்தாரருக்கு நோட்டீஸ் அனுப்ப வங்கிக்கு அதிகாரம் உண்டு. எனவே, முதல் தவணை தவறும் முன்பே, அல்லது தவறியவுடனேயே விண்ணப்பிப்பது நல்லது.

தேவையான ஆவணங்கள்

* கடன் விவரம்: கடன் அனுமதிக் கடிதம், கடன் ஒப்பந்தம், நிலுவைத் தொகையைக் காட்டும் அண்மைக் கணக்கு அறிக்கை.
* அடையாளம்: பான், ஆதார் நகல்கள், தற்போதைய முகவரிச் சான்று.
* வருவாய்: சம்பளச் சீட்டுகள், படிவம் 16, வருமான வரிக் கணக்கு, கடைசி 6 மாத வங்கிக் கணக்கு அறிக்கை. தொழில் செய்வோருக்கு ஜிஎஸ்டி கணக்குகள்.
* நெருக்கடிக்கான சான்று: பணிநீக்கக் கடிதம், மருத்துவமனைச் சான்றும் ரசீதுகளும், இறப்புச் சான்றிதழ் ஆகியவற்றில் பொருந்துவது.
* மாதாந்திர வரவு-செலவுப் பட்டியல்: பிற கடன்கள், கல்விக் கட்டணம், மருத்துவச் செலவு உள்பட.

கடனுடன் காப்பீடு எடுக்கப்பட்டிருந்தால் அந்தப் பாலிசியை முதலில் பார்க்க வேண்டும். கடன்தாரர் மறைந்த நிலையில், நிலுவையை ஈடுசெய்யும் தொகை அதிலிருந்தே கிடைக்கக்கூடும்.

கடிதத்தில் என்ன எழுதுவது?

நெருக்கடி எப்போது தொடங்கியது, இப்போது எவ்வளவு செலுத்த இயலும், எப்போது நிலைமை சீராகும் என்பதைச் சுருக்கமாகவும் உண்மையாகவும் குறிப்பிட வேண்டும். கோரிக்கையும் தெளிவாக இருக்க வேண்டும். தவணைக் காலத்தை நீட்டிப்பதா, சில மாதங்கள் தவணையை ஒத்திவைப்பதா, அபராதக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்வதா என்பதைக் குறிப்பிடாத கடிதம் முடிவெடுப்பதைத் தாமதப்படுத்தும். இச்சலுகைகளை வழங்குவது வங்கியின் கொள்கைக்கும் முடிவுக்கும் உட்பட்டது.

சலுகையின் விலை

எடுத்துக்காட்டாக, ரூ.20 லட்சம் நிலுவை, 9 சதவீத வட்டி, 10 ஆண்டுகள் மீதம் எனில் மாதத் தவணை சுமார் ரூ.25,335. காலத்தை 15 ஆண்டுகளாக நீட்டித்தால் தவணை சுமார் ரூ.20,285 ஆகக் குறையும். ஆனால், மொத்த வட்டி ஏறத்தாழ ரூ.6.1 லட்சம் கூடும். கடன் மறுசீரமைக்கப்பட்டது என்ற குறிப்பு கடன் தகவல் அறிக்கையிலும் இடம்பெறும்.

சமர்ப்பிக்கும் முறை

அசல் ஆவணங்களைக் கொடுக்காமல், சுய சான்றொப்பமிட்ட நகல்களையே அளிக்க வேண்டும். கிளையில் நேரில் கொடுத்தால் முத்திரையிட்ட ஒப்புகை பெற வேண்டும். இல்லையெனில் ஒப்புகை பெறும் வகையில் விரைவுத் தபாலில் அனுப்பலாம். தொலைபேசியில் தரப்படும் வாக்குறுதிகளை நம்பியிராமல் எழுத்துபூர்வ பதிலைக் கோர வேண்டும்.

பதில் இல்லையெனில்

வங்கியில் அளித்த புகாருக்கு 30 நாள்களுக்குள் பதில் வராவிட்டாலோ, பதில் திருப்தி அளிக்காவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். வீட்டுவசதி நிதி நிறுவனங்கள் மீதான புகார்களைத் தேசிய வீட்டுவசதி வங்கிக்கு அனுப்ப வேண்டும்.

சர்ஃபேசி நோட்டீஸ் வந்துவிட்டாலும் வழி அடைபடுவதில்லை. அதற்கு ஆட்சேபம் தெரிவித்தால், வங்கி 15 நாள்களுக்குள் காரணத்துடன் பதிலளிக்க வேண்டும். வீட்டைக் கையகப்படுத்தும் நடவடிக்கையை எதிர்த்து 45 நாள்களுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்தை அணுகலாம். அங்கும், உரிய காலத்தில் அனுப்பிய கடிதமும் அதற்கான ஒப்புகையும் கடன்தாரரின் தரப்புக்கு வலுசேர்க்கும்.