தட்டைப்பயறு: பயிர் அடர்த்தியும் விளைச்சலும்

தட்டைப்பயறு (காராமணி) சாகுபடியில் பயிர் அடர்த்தி என்பது ஒரு எக்டேரில் நிற்கும் செடிகளின் எண்ணிக்கை. வரிசைக்கு வரிசை, செடிக்குச் செடி விடும் இடைவெளி இதை முடிவு செய்கிறது. 45 × 15 செ.மீ. இடைவெளியில் விதைத்தால் ஒரு செடிக்கு 675 சதுர செ.மீ. நிலம், எக்டேருக்குச் சுமார் 1,48,000 செடிகள். வரிசையை 30 செ.மீ. ஆக நெருக்கினால் எண்ணிக்கை 2,22,000 ஆகிவிடும். விளைச்சல் மட்டும் அந்த விகிதத்தில் ஏறுவதில்லை.

இடம் தாராளமாகக் கிடைத்த செடி அடிக்கணுவிலிருந்தே பக்கக்கிளை விட்டு, கிளைதோறும் காய்க்கும். நெருக்கத்தில் நிற்பது வெளிச்சம் தேடி உயர்ந்து, தண்டு மெலிந்து, மேல்கணுக்களில் மட்டும் சில காய்களைத் தாங்கும். அடி இலைகள் நிழலில் பழுத்து உதிரும். அடர்த்தி கூடும்போது முதலில் குறைவது செடிக்கான கிளைகளும் காய்களும்தான். காய்க்கான மணிகள் அவ்வளவாகக் குறைவதில்லை; நூறு மணியின் எடை பெரும்பாலும் அப்படியே இருக்கும். தட்டைப்பயறு சாதாரணமாகவே பூக்களில் பெரும்பகுதியை உதிர்த்துவிடும். நிழல் அந்த உதிர்வை மேலும் கூட்டுகிறது.

ஒரு செடியில் குறைந்ததை எண்ணிக்கை ஈடுகட்டும்வரை எக்டேர் விளைச்சல் உயரும். பிறகு ஏறக்குறைய ஒரே மட்டத்தில் நிற்கும். ஜப்பானில் கிராவும் குழுவினரும் 1953இல் சோயா மொச்சையைக் கொண்டு விளக்கிய 'நிலையான இறுதி விளைச்சல்' விதி இதையொட்டியதே. ஆனால் அது செடியின் மொத்த எடையைப் பற்றியது. மணி விளைச்சல் ஒரு கட்டத்துக்குமேல் இறங்கவும் செய்யும். அந்தக் கட்டம் எங்கே வரும் என்பதை ரகமும் ஈரமும் தீர்மானிப்பதால், எல்லா நிலத்துக்கும் ஒரே இடைவெளியைச் சொல்வதில் பொருளில்லை.

மானாவாரி நிலத்தில் நெருக்கிய பயிர் மண்ணின் ஈரத்தை இலை வளர்ப்பதிலேயே செலவிட்டு, காய் பிடிக்கும் வேளையில் வாடும். நீர் குறையாத நிலத்தில் அதே நெருக்கம் நன்மையாகலாம்: இலைப்பரப்பு சீக்கிரம் மண்ணை மூடி, வெயிலை வீணாக்காமல் பிடித்து, களையை அமுக்கும். ஆனால் காற்றோட்டமில்லாத புதரில் ஈரப்பதம் தங்கி, பூசண நோய்களுக்கு இடம் கொடுக்கும். பூவையும் காயையும் பிணைத்து உள்ளிருந்து தின்னும் புள்ளிக் காய்ப்புழுவுக்கு மருந்து அடித்தாலும், அது உள்ளே எட்டுவது கடினம்.

விதைச் செலவும் உண்டு. நூறு மணி 12 கிராம் உள்ள ரகத்துக்கு, முளைப்புச் சேதம் தவிர்த்தே, 1,48,000 செடிக்கு ஏறத்தாழ 18 கிலோ விதை வேண்டும். 2,22,000 செடிக்கு 27 கிலோ. அந்த 9 கிலோவை அதிகம் விதைப்பதைவிட, இருக்கும் வரிசைகளில் பாடுவாசியை (முளைக்காமல் விட்ட இடத்தை) நிரப்பி, குழியில் மிஞ்சிய நாற்றைக் கலைத்துவிடுவது பெரும்பாலும் லாபகரமானது. செடி பக்கத்துச் சிறு இடைவெளியைக் கிளைவிட்டு மூடிக்கொள்ளும். முளைக்காத நீண்ட பட்டையை மூடாது.

உலகில் தட்டைப்பயறு மிகுதியாக விளையும் நைஜீரியாவில், படரும் மரபு ரகங்களைக் கம்பு, சோளத்துக்கு இடையே மிகவும் தள்ளித்தள்ளி ஊன்றுவது பழைய வழக்கம். கொடி தானே இடத்தை நிரப்பும். மேலே தானியப் பயிரின் நிழல் இருப்பதால் நெருக்கினாலும் பெரிய பயனில்லை. இபாதானில் 1967இல் நிறுவப்பட்ட பன்னாட்டு வெப்பமண்டல வேளாண்மை நிறுவனம் உருவாக்கிய, 60 முதல் 70 நாளில் முதிரும் நிமிர்ந்த ரகங்களுக்கு இந்த முறை ஒத்துவராது. படர நேரமும் இயல்பும் இல்லாத அவற்றைத் தனிப்பயிராக நெருக்கி விதைக்க வேண்டும். தீவனத்துக்கென வளர்க்கும்போது மணி கணக்கில் இல்லை. மெல்லிய தண்டு மாட்டுக்கு உகந்தது என்பதால் அப்போது நெருக்கம் குறையாகாது.